செயற்கைப் புல் போடப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

வீட்டைக் கட்டி, கார் நிறுத்த இடம் விட்டு, சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் போக மதில் ஓரமாக மிஞ்சுகிற பத்தடி அகலத் துண்டு நிலம் பல வீடுகளில் ஒரு தலைவலி. கொரியன் புல் வாங்கிப் பதித்தால் கோடையில் பாதி காய்கிறது; மீதியில் கோரை ஏறிவிடுகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் புல்லுக்கு ஹோஸ் பிடிக்க மனசும் வராது. இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒருவர், "பேசாம ஆர்டிஃபிஷியல் கிராஸ் போட்டுடுங்க, ஒரே நாள் வேலை" என்கிறார்.

விரிக்கிற வேலை உண்மையிலேயே ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் நாலைந்து மழைக்காலம் பார்த்த பிறகும் அது மேடுபள்ளம் ஆகாமல், வாடை அடிக்காமல், ஓரம் கிளம்பாமல் கிடக்கிறது என்றால், விரிப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் தரை வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் புல்லைப் பற்றி மட்டும் பேசுவார். அவர் விற்பது அதைத்தான். தரையைப் பற்றி நாம்தான் கவலைப்பட வேண்டும். அதற்கு முன்னால், இது என்ன சாமான் என்று ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

தைத்த பிளாஸ்டிக்

பாலிஎத்திலீனை உருக்கி மெல்லிய பட்டை நார்களாக இழுக்கிறார்கள். உருக்கும்போதே பச்சை நிறமியும், வெயிலில் நொறுங்கிப் போகாமல் இருக்க யூ.வி. தடுப்பானும் சேர்கின்றன. பாலிபுரோப்பிலீனில் நெய்த துணி ஒன்றில், வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிகள் இந்த நாரைக் குத்தி ஏற்றுகின்றன. தரைக்கம்பளம் தைக்கும் முறையும் இதுதான். பிறகு பின்பக்கம் லேடெக்ஸோ பாலியூரித்தேனோ பூசி, சூட்டில் உலர்த்தி, தண்ணீர் இறங்கத் துளை போடுகிறார்கள். பச்சைக்கு நடுவே அடியில் பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் நாரைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த புல்லும் கலந்திருப்பது போலத் தெரிவதற்காக வைத்தது அது. நேராக நிற்கும் நாருக்கு முட்டுக் கொடுப்பதும் அதுவே.

இது பிறந்த கதையில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1965-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்று, முழுக்கக் கூரை போட்ட பேஸ்பால் மைதானத்தைத் திறந்தார்கள். உள்ளே பதித்தது டிஃப்வே 419 என்ற பெர்முடா புல் ரகம். பெர்முடா புல் என்பது நம் அருகம்புல்தான். இந்த ரகம் அதன் கலப்பினம். கூரையில் வெளிச்சம் வரட்டும் என்று ஒளி ஊடுருவும் பலகைகள் வைத்திருந்தார்கள். பகல் ஆட்டத்தில் அந்தக் கூச்சத்தில் உயரே வரும் பந்து தெரியவில்லை. சரி என்று பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. "அருகுபோல் வேரூன்றி" என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த அருகின் வாரிசுக்கே வெளிச்சம் போனதும் இந்தக் கதி. செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சை பெயின்ட் அடித்து அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். 1966-ல் மான்சான்டோ நிறுவனத்தின் கெம்கிராஸ் என்ற நைலான் புல்லை விரித்தார்கள். அதுவே ஆஸ்ட்ரோடர்ஃப் என்று பெயர் மாறி உலகம் சுற்றியது.

ஆக, இந்தப் பொருள் பேர் வாங்கியது வெயில் எட்டாத இடத்தில். நம் ஊரில் அதைத்தான் நட்ட நடு வெயிலில் விரிக்கிறோம்.

வெயிலா, நிழலா?

2002-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், விளையாட்டு மைதானத்துச் செயற்கைப் புல்லின் சூட்டையும் இயற்கைப் புல்லின் சூட்டையும் பகல் முழுக்க அளந்தார்கள். சராசரியாகச் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு சுமார் 47 டிகிரி செல்சியஸ். இயற்கைப் புல் 26-ஐக்கூடத் தொடவில்லை. தார்த்தளமே 43 டிகிரிதான். செயற்கைப் புல்லின் உச்ச அளவு 93 டிகிரி வரை போனது. தண்ணீர் தெளித்தும் பார்த்தார்கள். 79-ல் இருந்த சூடு 29-க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49-க்கு ஏறியது. இருபது நிமிடத்தில் 73.

அது கறுப்பு ரப்பர் துகள் நிரப்பிய மைதானம். ரப்பர் இல்லாத வீட்டுப் புல் அந்த அளவுக்குக் கொதிக்காது என்றாலும் கத்திரி வெயிலில் மத்தியானம் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. உயிருள்ள புல், வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை வழியே ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு வியர்க்கத் தெரியாது. "தண்ணீர் தெளிச்சா சில்லுன்னு ஆயிடும்" என்று யாராவது சொன்னால், எத்தனை நிமிடத்துக்கு என்று கேளுங்கள்.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவில், பால்கனியில், மாடிப்படிக்குக் கீழே, வடக்குப் பக்கச் சந்தில் இயற்கைப் புல் வராது, வெளிச்சம் போதாது. செயற்கைப் புல் சூடாகாமல் நன்றாக இருப்பதும் அதே இடங்களில்தான். நாள் முழுக்க வெயில் விழும் திறந்த முற்றத்தில் இயற்கைப் புல் கொழிக்கும், பிளாஸ்டிக் கொதிக்கும். வெயில் படும் இடத்தில் மண்ணும் தண்ணீரும் ஓரளவுக்கு இருந்தால் அங்கே பிளாஸ்டிக் போடாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். அருகம்புல்லையே வளரவிட்டு மாதம் ஒருமுறை வெட்டினாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் செலவுக்கு ஒரு கணக்கு: புல்தரைக்கு வாரம் ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்பது ஒரு லிட்டர். 200 சதுர அடி இடத்துக்கு மழையில்லாத வாரத்தில் 460 லிட்டர் சொச்சம் ஆகும். இது உங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சூடு பற்றி இன்னும் இரண்டு. எதிர்வீட்டில் பளபளக்கும் கண்ணாடி ஜன்னல் இருந்து, அதன் பிரதிபலிப்பு ஒரே இடத்தில் குவிந்து விழுந்தால் அந்த இடத்து நார் உருகிச் சுருண்டுவிடும். வெளிநாடுகளில் வெப்பம் தடுக்கும் கண்ணாடி போட்ட வீடுகளுக்கு எதிரே இது பலமுறை நடந்திருக்கிறது. அப்புறம் நெருப்பு. பாலிஎத்திலீன் 110, 120 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். கார்த்திகைக்கு அகல் விளக்கை நேராக அதன்மேல் வைப்பது, தீபாவளிக்குத் தரைச்சக்கரம் விடுவது, கொளுத்திய கம்பி மத்தாப்புக் கம்பியைப் போடுவது எல்லாம் வட்ட வட்டமாகக் கருகல் தழும்பு விட்டுப் போகும். அதை எடுக்க வழியில்லை. அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டியதுதான்.

கடையில்

முதலில் கேட்கப்போவது உயரம். 25, 35, 40, 50 மி.மீ. என்று அடுக்கிவைத்திருப்பார்கள். உயரம் கூடினால் தரம் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். நீள நார் நடக்க நடக்கப் படுத்துவிடும். நடமாட்டம் உள்ள இடத்துக்கு 30, 35 போதும். வெறும் பார்வைக்கு என்றால் 40. டர்ஃப் மைதானத்தில் மிச்சமான ரோல் மலிவாக வருகிறது என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது நிறைய மணலும் ரப்பரும் கொட்டி நிற்க வைப்பதற்கென்றே அகலமான வரிசையில் தைத்தது. அவை இல்லாமல் வழுக்கை போலத் தெரியும்.

உயரத்தைவிட நெருக்கம் முக்கியம். இதை நீங்களே கணக்குப் போடலாம். வரிசைக்கு வரிசை இடைவெளி 3/8 அங்குலம் என்றால் ஒரு மீட்டர் அகலத்தில் சுமார் 105 வரிசை. ஒரு வரிசையில் 10 செ.மீ. நீளத்துக்கு 16 தையல் இருந்தால் மீட்டருக்கு 160. பெருக்கினால் சதுர மீட்டருக்கு 16,800 தையல். அதே வரிசையில் 10 செ.மீ.க்குப் பத்துத் தையல்தான் என்றால் 10,500. இரண்டும் 35 மி.மீ. என்றே விற்கும், படத்தில் ஒரே மாதிரி தெரியும். ரோலைத் திருப்பி, ஸ்கேல் வைத்துப் பின்பக்கத் தையலை எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும். விலைப் பட்டியலில் டெசிடெக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 10,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பது அது. சிலர் பச்சை நாரையும் பழுப்பு நாரையும் கூட்டிப் போடுவார்கள் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு கடைகளை ஒப்பிட முடியாது.

ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்குங்கள். ஒரு கொத்து நாரைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் பின்பூச்சு சரியில்லை. மடித்துப் பாருங்கள், பூச்சு விரிசல் விட்டால் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் துளைகள் திறந்திருப்பது தெரிய வேண்டும். லேடெக்ஸ் பூசும்போது சில துளை அடைத்துப்போயிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, இறங்குகிறதா நிற்கிறதா என்று பார்த்தால் இன்னும் நல்லது. கடைசியாக, முஷ்டியால் ஒரு நிமிடம் அழுத்திவிட்டு எடுங்கள். நார் தானாக எழ வேண்டும்.

யூ.வி. உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகப் பத்து வருஷம் என்பவர் பில்லில் எழுதத் தயங்கினால் காரணம் புரிந்துவிடும். சின்னக் குழந்தைகள் உருளும் இடம் என்றால் ஈயம் இல்லை என்ற சோதனை அறிக்கையும் கேட்கலாம். 2008-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சில பழைய நைலான் மைதானங்களில் ஈயம் இருப்பதைக் கண்டு மூடினார்கள். பச்சை நிறமி வழியாக வந்த ஈயம் அது.

ரோல் கணக்கு

பெரும்பாலான ரோல் இரண்டு மீட்டர் அகலம், அதாவது ஆறரை அடி. இங்கேதான் பணம் வீணாகும். உங்கள் இடம் 10 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் விரித்தால் 20 அடித் துண்டு இரண்டு வேண்டும். 262 சதுர அடி வாங்கி 62 சதுர அடியை வெட்டி எறிவீர்கள். குறுக்குவாக்கில் 10 அடித் துண்டு மூன்று போட்டால் 19 அடி 8 அங்குலம் வரும். நாலு அங்குலம் குறையும். ஜாயின்ட் ஓரங்களை நறுக்குவதில் இன்னும் சற்றுப் போகும். அந்தக் குறையை மதில் ஓரமாக அரையடிக் கூழாங்கல் வரிசையாக விட்டுவிட்டால் 197 சதுர அடியில் வேலை முடிந்தது. மழைத்தண்ணீர் ஓடவும் அந்தக் கல் வரிசை உதவும். ஜாயின்ட் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆகும் என்பது ஒன்றுதான் நஷ்டம். முன்னதாகவே ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தரை

இனிதான் விஷயமே.

மண்ணை அப்படியே மட்டம் தட்டி மேலே விரித்தால் முதல் ஐப்பசி மழையில் கதை தெரிந்துவிடும். துளை வழியே இறங்கிய தண்ணீர் மண்ணில் நின்று சேறாகும். மிதித்த இடம் குழியும். குழியில் மறுபடி தண்ணீர் நிற்கும். மேலே பச்சையாக இருக்கும், கால் வைத்தால் பிதுக் என்று தண்ணீர் வரும். அப்புறம் வாடை, கொசு.

அதனால் முதல் வேலை மண்ணை எடுப்பது. நாலு அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். மூன்று அங்குலம் ஜல்லியும் அதன்மேல் ஓர் அங்குலம் கல் பொடியும் அங்கே வரப்போகின்றன. 200 சதுர அடிக்கு 67 கன அடி மண் வரும். அதை எங்கே போடுவது என்பதை வெட்டும் முன்பே தீர்மானித்துவிட்டால் தெருவோடு சண்டை வராது. வெட்டும்போது கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. கோரையின் முளை ஊசி போலக் கூர்மை, பிளாஸ்டிக் ஷீட்டையே குத்திக்கொண்டு வரும். ஒரு கிழங்கு தங்கினாலும் சங்கிலியாகப் பரவும். வெட்டிவிட்டு இரண்டு வாரம் சும்மா விட்டு, முளைத்து வருவதை மறுபடி தோண்டி எடுத்தால் பிறகு நிம்மதி.

அடுத்து வாட்டம். வீட்டுச் சுவரிலிருந்து விலகி, தண்ணீர் போக வேண்டிய பக்கமாகப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலச் சரிவு வேண்டும். நூறுக்கு ஒன்று என்ற கணக்கு. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும், தண்ணீருக்குத் தெரியும். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும். நாலு மூலையிலும் குச்சி நட்டு நூல் கட்டச் சொல்லுங்கள். வாட்டத்தை மண்ணிலேயே எடுத்துவிட வேண்டும். மேலே பொடி கொட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் போய்ப் பின்னால் இறங்கும்.

செம்மண்ணும் மணற்பாங்கான மண்ணும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், பிரச்சினை இல்லை. கரிசலும் களிமண்ணும் வேறு ஜாதி. மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அதன்மேல் எதைப் போட்டாலும் கூடவே ஏறி இறங்கும். அங்கே நாலு அங்குலத்துக்குப் பதில் ஏழு அங்குலம் வெட்டி, கூடுதல் ஆழத்தையும் ஜல்லியாலேயே நிரப்புங்கள். ஜல்லி சேற்றில் புதையாமல் இருக்க மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். தாழ்வான ஓரத்தில் துளையிட்ட பி.வி.சி. பைப் ஒன்றைப் புதைத்துத் தண்ணீரை வெளியே எடுங்கள். இவ்வளவும் செய்ய முடியாது என்றால் களிமண் நிலத்தில் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே மேல்.

மண்ணைத் திமிசுபோட்டு இறுக்கிவிட்டு மூன்று அங்குலம் ஜல்லி. முக்கால் அங்குல ஜல்லியும் கால் அங்குலச் சிப்ஸும் கலந்து போட்டால் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இறுகும். ஒரே அளவு ஜல்லி எத்தனை இடித்தாலும் உருண்டுகொண்டே இருக்கும். 200 சதுர அடிக்கு மூன்று அங்குலம் என்றால் 50 கன அடி, அதாவது அரை யூனிட். இறுக்கும்போது குறையும் என்பதால் சற்றுக் கூடவே சொல்லுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, தரையை அதிர்ந்து இறுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். சின்ன இடமென்றால் திமிசுக்கட்டையே போதும், ஆனால் ஆள் வைத்து இடிக்க வேண்டும். இறுகியதா என்று பார்க்க, செருப்புக் குதிகாலால் ஒரு மிதி. தடம் விழுந்தால் இன்னும் இடிக்க வேண்டும்.

அதன்மேல் ஓர் அங்குலம் கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும்போது கிடைக்கும் பொடி. புல்லுக்கு அடியில் நேராக வரும் பரப்பு இதுதான் என்பதால் இங்கே தெரியும் மேடு, பள்ளம் எல்லாம் நாளை மேலேயும் தெரியும். நேரான அலுமினியப் பட்டியை வைத்து இழுத்து, வாட்டம் மாறாமல் சமன்செய்து, ஈரப்படுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். சுற்று ஓரத்தில் செங்கல்லோ கெர்ப் கல்லோ சிமென்டில் பதித்து நிறுத்தினால் ஜல்லி பக்கவாட்டில் சரியாது. களை அச்சம் இருந்தால் டஸ்ட்டின் மேலேயும் தண்ணீர் விடும் துணி ஒன்றை விரிக்கலாம். பாலித்தீன் ஷீட்டைத் தப்பித் தவறியும் விரித்துவிடாதீர்கள். தண்ணீர் இறங்க வழி செய்யத்தான் இத்தனை பாடும்.

மூடக் கூடாதவை மூன்று. சம்ப் மூடியும் செப்டிக் டேங்க் மூடியும் முதலாவது. அந்த அளவுக்குத் தனித் துண்டாக வெட்டி மூடியோடு ஒட்டிவிட்டால் திறக்கலாம். இரண்டாவது மழைநீர் சேகரிப்புத் தொட்டி. தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமான அமைப்பு அது. அதன் வாயில் ஜல்லியும் டஸ்ட்டும் கரைந்து போய் அடைத்தால் வருடத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீரும் தெருவோடு போகும். மூன்றாவது மரத்தடி. மாவோ தென்னையோ இருந்தால் தண்டைச் சுற்றி மூன்றடி வட்டம் மண்ணாகவே இருக்கட்டும். வேருக்குக் காற்று வேண்டும், எருவும் வைக்க வேண்டும்.

விரிப்பதும் ஒட்டுவதும்

ரோலைப் பிரித்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் போட்டால் சுருக்கம் தானாக நீளும். கையால் நாரைத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் குத்தும். நார் சாய்ந்திருக்கும் திசை அது. எல்லாத் துண்டும் ஒரே திசையில் சாய வேண்டும். ஒன்று திரும்பிவிட்டாலும் இரண்டு வேறு பச்சை போலத் தெரியும், ஒட்டியபின் மாற்ற முடியாது. வீட்டு வாசலில் நின்று பார்க்கும்போது நார் நம் பக்கம் சாய்ந்திருந்தால் அடர்த்தியாகத் தெரியும்.

வெட்டுவது எப்போதும் பின்பக்கத்திலிருந்து, இரண்டு தையல் வரிசைக்கு நடுவில், புது பிளேடு போட்ட கட்டரால். ஜாயின்டில் சேரும் இரு ஓரத்திலும் ஆலை விளிம்பையும் இரண்டு மூன்று வரிசையையும் நறுக்கிவிட வேண்டும். சேர்த்து வைக்கும்போது இடையில் விடும் சந்து, தையல் வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்து அளவே இருக்க வேண்டும். அதிகமானால் கோடு தெரியும், நெருக்கினால் முகடு தட்டும். அடியில் ஓரடி அகல ஜாயின்ட் டேப், அதன்மேல் இரண்டு கலவைப் பாலியூரித்தேன் பசை. ஓரங்களை இறக்கும்போது நார் பசையில் மாட்டாமல் விரலால் விலக்கிக்கொண்டே போக வேண்டும். இந்த ஓரடி, இரண்டடி வேலையில்தான் ஆளின் கைத்திறன் தெரியும். மேலே மணல் மூட்டையை வைத்து ஓர் இரவு விடுங்கள். மழை வரும் நாளில் இதைத் தொடவே வேண்டாம்.

சுற்று ஓரத்தை ஓரடிக்கு ஒன்றாக, துத்தநாகம் பூசிய ஆறு அங்குல ஆணியோ யூ பின்னோ அடித்து நிறுத்தலாம். ஆணியின் தலையில் நார் மாட்டாமல் விலக்கிவிட்டு அடித்தால் பிறகு வெளியே தெரியாது.

கடைசியாக மணல். இதைப் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். நாருக்கு நடுவே தூவும் மணல்தான் விரிப்பைக் கனமாக்கித் தரையோடு உட்கார வைக்கிறது, நாரை நிமிர்த்துகிறது, பின்பூச்சை வெயிலிலிருந்து காக்கிறது. கழுவி உலர்த்திய உருண்டைச் சிலிக்கா மணல், சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிலோ. நம் 200 சதுர அடிக்குச் சுமார் 95 முதல் 150 கிலோ வேண்டும். எம்-சாண்டில் உள்ள தூள் துளையை அடைக்கும். கடல் மணலின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நாரின் சாய்வுக்கு எதிராக விறைப்பான பிரஷ்ஷால் தள்ளினால் மணல் உள்ளே இறங்கி மறைந்துவிடும். வீட்டுக்கு ரப்பர் துகள் தேவையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதியில் அந்தத் துகள் விற்பனைக்கு 2031 அக்டோபர் வரைதான் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

மொட்டை மாடியில்

மாடியில் ஜல்லி கொட்டக் கூடாது. நாலு அங்குல ஜல்லி, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 160 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி கணக்கில் எடுக்கும் பளுவே சதுர மீட்டருக்கு 150 கிலோ வாக்கில்தான். அங்கே வாட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் தளத்துக்கும் புல்லுக்கும் நடுவே பிளாஸ்டிக் டிரெயினேஜ் செல் அல்லது மேட் விரித்தால் போதும். தண்ணீர் அடியில் ஓடிப் போகும், தளமும் காயும்.

நீர்க்கசிவு ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட வேண்டும். மேலே விரித்த பிறகு விரிசல் கண்ணுக்குத் தெரியாது, கீழ்வீட்டுச் சீலிங்கில்தான் தெரியும். முழு மாடியையும் ஒட்டிவிடாமல், வருடத்துக்கு ஒருமுறை சுருட்டித் தளத்தைப் பார்க்கும்படி ஓரத்தில் மட்டும் நிறுத்துங்கள். மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி ஓரடி வெட்டி விட்டு, வலை போடுங்கள்.

போட்ட பிறகு

பராமரிப்பே இல்லை என்பது விற்பனைப் பேச்சு. தண்ணீர் விடுவதும் வெட்டுவதும் இல்லை, அவ்வளவுதான். ஈர்க்குமாறு கொண்டு வாரம் ஒருமுறை பெருக்க வேண்டும். பெரிய இலை சுலபம். முருங்கையும் புளியும் இருக்கும் வீட்டில் பொடி இலை நாருக்குள் இறங்கி மக்கி, ஒரு வருடத்தில் அங்கேயே மண்ணாகி, அதில் நிஜப் புல் முளைக்கும். முருங்கைக்குக் கீழே போடாமல் இருப்பது உத்தமம். நாய் வளர்த்தால் சிறுநீர் பட்ட இடத்தை அன்றன்றைக்குத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர் செய்கிற வேலையை இங்கே செய்ய ஆள் இல்லை. மணலுக்குப் பதில் சியோலைட் என்ற கனிமத் துகள் தூவினால் அம்மோனியா வாடை ஓரளவு அடங்கும். நடந்து நடந்து நார் படுத்த பாதையை மாதம் ஒருமுறை எதிர்ப்பக்கம் பிரஷ் செய்து எழுப்ப வேண்டும்.

இழப்பையும் சொல்லிவிட வேண்டும். மண்புழுவும் அதைத் தேடி வரும் பறவையும் அந்த இடத்துக்கு வராது. நார் வருடா வருடம் கொஞ்சம் உதிர்ந்து மழைநீரோடு போகும். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2022-ல் தன் தோட்டக் கண்காட்சிகளில் செயற்கைப் புல்லுக்குத் தடை போட்டது இந்தக் காரணங்களால்தான். தோட்டம் முழுக்க மூடாமல், வேறு எதுவும் வராத மூலையில் மட்டும் போடலாம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

நல்ல ரகம் பத்து வருடம் வாக்கில் உழைக்கும். நாரைக் கையால் கசக்கும்போது தூளாகக் கொட்ட ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். மூன்று விதப் பிளாஸ்டிக்கும் மணலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் மறுசுழற்சி செய்வது கஷ்டம், எரிக்கவும் கூடாது. வாங்கும்போதே, பழையதைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டு வைப்பது நல்லது. தரை வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் ஜல்லித் தளம் அப்படியே இருக்கும். மேலே உள்ள டஸ்ட்டை மட்டும் ஒருமுறை கிளறி வாட்டம் பார்த்து இறுக்கிவிட்டு, புது ரோலும் விரிக்கலாம், பேவர் பிளாக்கும் பதிக்கலாம். மனசு மாறியிருந்தால் ஜல்லியை அள்ளிவிட்டு மண்ணும் தொழுஉரமும் நிரப்பி ஒரு கட்டு அருகம்புல்லும் நடலாம்.